தூங்காத சர்க்யூட்

கால ஆட்டறேன்ல? மன்னிச்சுக்கங்க. பெஞ்சே ஆடுதுன்னு நீங்க சொன்னப்புறந்தான் எனக்கே தெரியுது.

இல்ல, டீ வேண்டாம், நீங்க குடிங்க. என் வைஃப்ப ரெண்டு மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. ரெண்டே கால்தானா ஆகுது? அந்தக் கடியாரம் ஓடுதா என்ன?

நானா? சிப்பு வேல. திங்கற சிப்ஸ் இல்லீங்க, எல்லாரும் மொதல்ல அதத்தான் நெனைக்கறாங்க. நெஞ்சுல தோலுக்கு அடியில பேஸ்மேக்கர் வைப்பாங்களே, அதுக்கு சர்க்யூட் போடறவன். இதயம் துடிக்கறப்ப துளியூண்டு வோல்டேஜ் வரும். அத நம்பரா மாத்தினாதான் கருவிக்குப் புரியும். அதுக்கு ஆசிலேட்டர்னு ஒண்ணு. நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும். வோல்டேஜ் கூடினா வேகமா ஆடும், கொறஞ்சா மெதுவா. எத்தன தடவ ஆடிச்சுன்னு எண்ணினா போதும், வோல்டேஜ் தெரிஞ்சுடும். என் கால் ஆடறத எண்ணிட்டு என் மனசு எப்படி இருக்குன்னு நீங்க சொல்ற மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பேட்டரி செலவு. தீந்தா கடையில வாங்கிப் போட முடியாது பாருங்க, மறுபடியும் கத்திதான். அதனால கரண்ட மிச்சம் பண்றதே என் பொழப்பு. நான் என்ன பண்ணேன், போன தடவ எண்ணினதுக்கும் இப்ப எண்ணினதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லேன்னா கொஞ்சம் தூங்குன்னு விட்டேன். ரெண்டு துடிப்புக்கு நடுவுல தூங்கும், வித்தியாசம் வந்தா சட்டுனு முழிச்சுக்கும். நாலு வருஷம் வர்ற பேட்டரி எட்டு வருஷம் வரும்னு கணக்கு. ஆபீஸ்ல கை தட்டினாங்க.

கெட்டிக்காரத்தனமா? மீதியக் கேளுங்க.

எவ்வளவு வித்தியாசம் வந்தா முழிக்கணும்? அந்த அளவ வச்சது நாந்தான். என் நெஞ்சுலயே ஒயர ஒட்டிக்கிட்டு லேப் நாற்காலியில சாஞ்சுக்கிட்டேன். ஒடம்பு அசைஞ்சா சதையிலேர்ந்தும் வோல்டேஜ் வரும், ரெக்கார்டிங் கெட்டுடும். அன்னிக்கு மட்டும் இந்தக் கால் ஆடலீங்க. அப்புறம் ஒயர ஒட்டி சோதிச்ச ஆளுங்களும் என்னைய மாதிரி உக்காந்தே தேயற ஆபீஸ்காரங்கதான்.

என் வைஃப் ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். விசில ஊதிட்டு பசங்களோட அவளும் ஓடுவா. சாப்பாடு கூட பாதி நேரம் நின்னுக்கிட்டேதான். மூணு வருஷம் முன்ன மைதானத்துல மயங்கி விழுந்தா. பேஸ்மேக்கர் வைக்கணும்னாங்க. எங்க கம்பெனிதையே வைங்கன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நாந்தான் சொன்னேன்.

மூணே வருஷத்துல பேட்டரி தீரப்போகுதுன்னு காட்டிடுச்சு. பேட்டரில ஏதோ கோளாறுன்னாரு டாக்டர். கருவியிலேர்ந்து எடுத்த பதிவ நான் தனியா உக்காந்து பாத்தேன். பகல்ல ஒரு நிமிஷம் கூட அது தூங்கலீங்க. அவ கைய வீசினா அந்த சதை வோல்டேஜுக்கு முழிப்பு, ஓடினா முழிப்பு. முழிக்கற ஒவ்வொரு தடவையும் கூடுதல் கரண்ட் வேற, அதான் நாலு வருஷம் கூட வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க கூடமே கோணல், கட்டினவன் நான்.

ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன், மத்தவங்களுக்கும் பாக்கச் சொல்லி. இந்த தடவ வேற கம்பெனிது வைங்கன்னேன். டாக்டர் என்னைய ஒரு மாதிரியாதான் பாத்தாரு. பாக்கட்டும். அந்தப் புதுச வச்சுக்கிட்டு அவ எவ்வளவு வேணா ஓடலாம், குதிக்கலாம்.

வீட்டுல அவகிட்டயா? ஏங்க இவ்வளவு சீக்கிரம் தீந்துச்சுன்னு கேட்டா. நீ ஒரு எடத்துல உக்காந்தாதானேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். பொய்யுமில்ல பாருங்க. அதுலேர்ந்து மூணு மாசமா அவ மாடிப்படி ஏறல. ஸ்கூல்ல கேட்டு லைப்ரரிக்கு மாத்திக்கிட்டா. விசில டிராயர்ல போட்டுட்டா. சாயந்தரம் நான் உள்ள நுழையறப்ப சோபாவுல கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இன்னிக்கு நான் அசையவே இல்ல, தெரியுமான்னு சொல்லுவா.

இல்லீங்க, இன்னும் சொல்லல. சொல்லிடணும்னுதான் அந்தக் கதவு வரைக்கும் ஸ்ட்ரெச்சர் கூடவே போனேன். அவ முந்திக்கிட்டா. இந்த தடவ ஓடாம ஆடாம பத்திரமா வச்சுக்கறேங்க, எட்டு வருஷம் வந்துடும்லன்னு கேட்டா.

வரும்னேன்.