பாசி மருந்து

சுறா வளர்ப்பதில் ஒரு வசதி உண்டு ஐயா, அது குரைக்காது. தொலு என்கிற எங்கள் கடலோர ஊரில், எங்கள் தெருவில் சேவல் வைத்திருப்பவர்களுக்குள்தான் தினமும் சண்டை. என்மேல் யாரும் ஒரு புகார் சொன்னது கிடையாது.

முற்றத்தில் இருக்கும் குளத்தை என் கணவர் இறால் விடுவதற்காக வெட்டினார். அவர் இறந்தபின் இறால் வேண்டாமென்று விட்டுவிட்டேன். மீனவர்கள் வலையில் சிக்கிய மூன்று குட்டிகளைக் கேட்டு வாங்கி அதில் விட்டேன். எங்கள் பக்கத்தில் பூனைச் சுறா என்போம். பனேலா, லொரென்சா, பீத்தோ என்று பெயர் வைத்தேன். குளம் வட்டமானது. மூலை இருந்தால் சுறா முட்டி முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். கடல் தண்ணீர் மோட்டாரில் வந்துகொண்டே இருக்கும். கவ்வியில் கணவாயைப் பிடித்து நீட்டினால் லொரென்சா சர்ரென்று உறிஞ்சி எடுப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் எனக்குக் காபி இறங்காது.

அவ்வப்போது நான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றையும் மல்லாத்திப் பிடிப்பேன். மல்லாத்தினால் சுறா அடங்கிவிடும், தூங்குவதுபோல் கிடக்கும். வாயில் புண் இருக்கிறதா, செவுள் சுத்தமாக இருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும். என் புஜத்தைப் பார்த்தால் தெரியும், அது சோம்பேறி வேலை இல்லை.

எடில்பெர்த்தோ என் தம்பி. கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவன் மனைவி பனாமாவுக்கு வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. மகள் யுலெய்சியை அவனே தலைவாரி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தான். நல்ல தகப்பன், அதை நான் மறைக்கவில்லை. அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தை என் முற்றத்தில் வைக்கலாமா என்று கேட்டான். சரி என்றேன். நான் செய்த உதவியை நீங்களும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விருந்துக்கு முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தான்.

"அக்கா, தண்ணி கஞ்சி மாதிரி கெடக்கு. வர்றவன் எல்லாம் உன் சுறாவைத்தான் பாக்கணுங்கிறான். நீச்சல்குளத்துக்கு ஊத்துற பாசி மருந்து ஒரு புட்டி வாங்கி வச்சிருக்கேன். ஊத்தினா அடிவரைக்கும் தெரியும்."

"அதுல செம்பு இருக்குடா. ஒரு மூடி விழுந்தாலும் மூணும் செத்துரும்."

"பாசிக்குத்தானே விஷம், உன் பிள்ளைங்களுக்கா?"

"வேணாம்னா வேணாம்."

"சரி தாயே, ஊத்தலை. அத்தானைக்கூட நீ இப்படிப் பாத்துக்கிட்டதில்லை."

சிரித்தான். நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் தேங்காய்ச் சோறு போட்டேன்.

மறுநாள் காலையில் பீத்தோ வயிறு மேலே தெரியச் செத்துக் கிடந்தான். பனேலா குளத்துச் சுவரில் தலையை மோதிக்கொண்டே சுற்றினாள். மூக்குத் தோல் உரிந்து, சுவரெல்லாம் ரத்தம். உடம்பு முறுக்கிக்கொண்டு துடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை. மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கி அவள் தலையில் அடித்தேன். ஒரே அடியில் போகவில்லை, மண்டை நசுங்கும்வரை அடிக்க வேண்டியிருந்தது. லொரென்சா என் மடியிலேயே போனாள். அழுதேன் ஐயா. கணவர் செத்தபோது அப்படி அழவில்லை.

எடில்பெர்த்தோ வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கையில் பலூன் கட்டு. குளத்தைப் பார்த்ததும் பலூன்களை விட்டுவிட்டான்.

"என்னக்கா ஆச்சு?"

"நீயே சொல்லு."

"சத்தியமா நான் ஊத்தலைக்கா. யுலெய்சி மேல சத்தியம்."

பெற்ற பெண்மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவனிடம் என்ன பேசுவது? லொரென்சாவைத் தூக்க ஒரு கை கொடு என்றேன். புதுக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான். "அழாதேக்கா, வேற குட்டி பிடிச்சுத் தாறேன்" என்றான். வேற குட்டியாம்.

முதலில் முழங்காலில் அடித்தேன். எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. அலறிக்கொண்டு சாய்ந்தவனின் தாடையில் இன்னொன்று. பிறகு சுத்தியலைப் போட்டுவிட்டு, பின்கழுத்தைப் பிடித்து மல்லாத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றித் தண்ணீருக்குள் அமுக்கினேன். சுறா சீக்கிரம் அடங்கிவிடும். மனிதனுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். என் மணிக்கட்டில் இருக்கும் இந்தக் கீறல்கள் அவன் நகத்தால் ஆனவை. வேறு தொந்தரவு எதுவும் அவன் தரவில்லை.

நால்வரையும் குளத்திலேயே ஒன்றாக விட்டுத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினேன். சுவரைக் கழுவினேன். பலூன்களை நானே கட்டினேன். விருந்து நிற்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பெண் என்ன பாவம் செய்தாள்?

மாலையில் எல்லோரும் வந்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தட்டைச் செருப்பைக் கழற்றி முதல் குதிகால் செருப்பை அப்பன்தான் மாட்டிவிட வேண்டும், முதல் ஆட்டமும் அவனோடுதான். யுலெய்சி இளஞ்சிவப்புக் கவுனில் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அப்பா எங்கே?"

"ஐஸ் வாங்கப் போயிருக்கான்டி. உனக்குத்தான் அவனைத் தெரியுமே, யார்கிட்டயாவது வாயடிச்சுட்டு நிப்பான்."

"அப்பா வராம நான் ஆட மாட்டேன்."

கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. மண்டிபோட்டு நானே செருப்பை மாட்டிவிட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு தார்ப்பாயைச் சுற்றி ஒரு வட்டம் ஆடினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் குழந்தைகளுக்குச் சுறா காட்டுகிறேன் என்று கயிற்றை அவிழ்த்தார். யுலெய்சி பக்கத்தில்தான் நின்றாள். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. குழந்தை அதைப் பார்த்திருக்கக் கூடாது. அது அந்த மனிதரின் கவனக்குறைவு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேசையில் நீங்கள் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டேன். அது அவன் வண்டியில் கிடைத்த மருந்துப் புட்டி என்கிறீர்கள். மூடியின் முத்திரை உடையவில்லை என்கிறீர்கள். இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பித்தளை வால்வு என் மோட்டாரில் இருந்ததுதான், அதை மாட்டியதும் நான்தான். அந்த வாரம் பிளாஸ்டிக் வால்வு உடைந்துபோனது, கடையில் அந்த அளவுக்குப் பித்தளைதான் இருந்தது. விருந்து முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் பித்தளையிலிருந்து செம்பு கசியும் என்பது சுறா வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் ஐயா. நடுவில் ஒருமுறை அவன் தலையைத் தூக்கி, உண்மையைச் சொல்லு, விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். அப்போதும் அவன் ஊற்றவில்லை என்றுதான் சொன்னான். அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் என் தம்பி இன்று உயிரோடு இருப்பான்.