‘பெற்றுக்கொண்டோம்’ என்று சொன்ன பக்கம்: கோதண்டம் ஐயாவுக்குப் பணி நிறைவு மடல்

கோப்பைக் காத்த கோதண்டம் ஐயாவே! வந்த கோரிக்கையை வழி தவறாமல் வாசல் சேர்த்த வித்தகரே! பக்கம் ஒன்று பிசகினால் பசி மறந்து பிழை தேடிய பண்பாளரே! அம்பத்தூர் எஸ்டேட்டின் மூன்றாம் மாடியில் இருபத்தோர் ஆண்டு எங்களோடு இருந்து, இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகையே, வணக்கம்.

இதுவரை வாசித்தது நிர்வாகம் எழுதிக் கொடுத்த மடலில் உள்ளது. அதில் இன்னும் இரண்டு பக்கத்துக்குக் கடமை, கண்ணியம், காலந்தவறாமை எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் உங்களுக்குத் தகும். ஆனால் போன புதன்கிழமை நீங்கள் எங்களைக் கூப்பிட்டு, “பொன்னியம்மா பேரைச் சொல்லாம எனக்கு மாலையும் வேணாம், சால்வையும் வேணாம்” என்றீர்கள். நீங்கள் கேட்டபடியே அவர் கணவர் தங்கராஜ் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அந்த மடலை மடித்து வைத்துவிட்டு நாங்கள் எழுதியதை வாசிக்கிறோம். நிர்வாகத்தார் பொறுத்தருள வேண்டும். பொறுக்காவிட்டாலும் வாசிப்போம்.

தங்கராஜுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் தொழிலை எளிமையாகவே சொல்கிறோம். ஒருவர் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கோரிக்கை எங்கள் ஜாவா செயலிக்கு வந்து சேரும். எந்த முகவரிக்கு வந்ததை எந்த நிரல் வாங்க வேண்டும், வாங்கியபின் எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்த கோப்பு ஒன்று உண்டு. அதை ரூட்டிங் கோப்பு என்போம். காட்ட வேண்டிய பக்கமும் முன்கூட்டியே செய்து வைத்த அச்சுதான்; அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். அச்சுகளை நாங்கள் செய்தோம். கோப்பில் மட்டும் உங்கள் கை ஒன்றே பட்டது.

அதற்கும் ஒரு கதை உண்டு. பல வருடத்துக்கு முன் விஷ்ணு ஆர்வக்கோளாறில் அந்தக் கோப்பைத் திருத்தப் போய், ஒரு கல்லூரியில் தேர்வு முடிவு கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல் வந்து நின்றது. மறுநாளிலிருந்து அது ‘கோதண்டம் சார் கோப்பு’. புது வரி வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிடுவோம். மாலைக்குள் வரி ஏறிவிடும். திருநின்றவூரிலிருந்து முதல் ஆளாய் ரயிலேறி வந்து, முகம் சுளிக்காமல், முணுமுணுக்காமல், எங்கள் சீட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து எழுதிய உங்கள் பொறுமையைப் போற்றினோம். போற்றிப் போற்றியே அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

போன ஆடி மாதம் வானகரம் பக்கத்து அறக்கட்டளை ஒன்றுக்காக டயாலிசிஸ் முன்பதிவுத் தளம் செய்தோம். ஒத்திகையின்போது பாதிப் பக்கங்கள் முடியவில்லை. அறங்காவலர்கள் முன்னால் பிழைச்செய்தி வந்து மானம் போகக் கூடாதே என்று கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தீர்கள். எந்த வரியிலும் சேராத கோரிக்கை எது வந்தாலும், ‘உங்கள் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டோம், இரண்டு நாளில் அழைப்போம்’ என்ற பக்கத்தைக் காட்டச் சொன்ன வரி அது. ஒத்திகை முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும். எடுக்க மறந்தீர்கள்.

பிறகு கண்புரை அறுவைக்காக விடுப்பில் போனீர்கள். அந்த வாரம் பிரசன்னா விண்ணப்பப் படிவத்தின் முகவரியை மாற்றி, வழக்கப்படி சீட்டு செருகினான். சோதித்துப் பார்க்க ஒருமுறை பொத்தானை அழுத்தினான். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பக்கம் வந்தது. “சார் போறதுக்கு முன்னாடியே வரி போட்டுட்டாரு போல” என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தளத்தைத் திறந்துவிட்டான். சீட்டு கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தது; புது முகவரிக்கு வரி ஏறாததால் வந்ததெல்லாம் அந்தக் கடைசி வரியில் போய் விழுந்தது. அன்றிலிருந்து பத்தொன்பது நாள் அறுபத்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூட எங்கும் பதியவில்லை. அறுபத்து மூன்று பேருக்கும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று மட்டும் காட்டினோம்.

அவர்களில் ஒருவர் வேப்பம்பட்டு பொன்னியம்மா. வாரம் இரண்டு முறை ரயிலில் நகரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். மூன்றாவது முறையும் அவசியம் என்று மருத்துவர் சொன்னதால் வானகரத்தில் இடம் கேட்டு, தளம் திறந்த இரண்டாம் நாளே விண்ணப்பித்தார். கூப்பிடுவார்கள் என்று நம்பி வேறிடம் தேடவில்லை. பதினேழாம் நாள் இறந்துபோனார். மூன்றாவது முறை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

காரியம் செய்வதற்கு முன்பே தங்கராஜ் இங்கே வந்தார். நீங்கள் விடுப்பு முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்த முதல் நாள் அது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். “கிடைச்சுதுன்னு போட்டுகீதே சார். யார் கைல கிடைச்சுது? அந்த ஆளைக் காமிங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன், கேட்டுட்டுப் போறேன்” என்றார். சர்வரில் சுமை கூடிவிட்டது என்று மேலாளர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் கோப்பைத் திறந்தீர்கள். கடைசி வரியைப் பார்த்தீர்கள். “யார் கைலயும் கிடைக்கலைங்க. அது நான் எழுதின வரி, நான் ஒருத்தன் செஞ்ச தப்பு” என்று சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே நின்றீர்கள். அவர் உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று நீங்கள் பலமுறை சொல்லிவிட்டீர்கள்.

நிர்வாகம் தங்கராஜுக்கு அனுப்பிய கடிதத்தில் சர்வர் சுமைதான் காரணம் என்று இருக்கிறது. அது பொய். ‘நான் ஒருத்தன்’ என்று நீங்கள் சொல்வதும் முழு உண்மை இல்லை. பெரியவரே, இந்த ஒரு விஷயத்தில் உங்களை மறுத்துப் பேச அனுமதிக்க வேண்டும்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும் நான் நிவேதிதா. தளம் திறந்த ஆறாம் நாள், விண்ணப்பப் பட்டியல் காலியாக இருந்ததைப் பார்த்தேன். ஆறு நாளாக ஒருவருக்கும் டயாலிசிஸ் தேவைப்படவில்லையா என்று மனம் உறுத்தியது. கோப்பைத் திறந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அது உங்கள் கோப்பு என்று திறக்கவில்லை. கண்ணில் கட்டோடு இருப்பவருக்குப் போன் செய்வதா என்று அதையும் செய்யவில்லை. ‘பட்டியல் காலி, பார்க்கவும்’ என்று சீட்டெழுதி, பிரசன்னாவின் சீட்டுக்கு மேலேயே செருகிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பொன்னியம்மா உயிரோடு இருந்தார். ஐயா, இதை உங்களிடம்கூட நான் இதுவரை சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வந்த அன்று காலையில், யாரும் வருவதற்குள் என் சீட்டை எடுத்துக் கிழித்துவிட்டேன்.

நோயற்று நூறாண்டு வாழ்க என்று இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தங்கராஜ் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. கண் தெளிந்து, உறக்கம் கூடி, உங்கள் துணைவியாரோடு திருநின்றவூர் வீட்டில் அமைதியாக இருங்கள். கோப்பை இனி நால்வர் பார்த்துத்தான் மாற்றுகிறோம். உங்கள் பழியிலும் எங்கள் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இந்த மடலைச் சட்டம் போட்டு உங்களுக்குத் தருகிறோம். இதன் இன்னொரு படியைத் தங்கராஜ் கையில் இப்போதே கொடுக்கிறோம். நடந்ததையெல்லாம் தேதியோடு எழுதி அதனுடன் இணைத்திருக்கிறோம். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ, அவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். எங்கள் கைபேசி எண்கள் பின்பக்கத்தில் உள்ளன. தங்கராஜ் அண்ணே, கூப்பிடுங்கள். யார் எடுத்தாலும் பேர் சொல்லித்தான் பேசுவோம்.

இப்படிக்கு,
பட்டியல் காலியாக இருந்ததைக் கண்டும் பேசாதிருந்த நிவேதிதா
பக்கம் வந்ததை நம்பித் தளத்தைத் திறந்த பிரசன்னா
கோப்பைத் திறக்கவே பயந்த விஷ்ணு
மற்றும் மூன்றாம் மாடி ஊழியர்கள்