தூக்கிய உள்ளங்கை குறித்து நடுவர் தந்த வாக்குமூலம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்து நான்கு. தராசு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். திருமணமாகவில்லை. என் அக்காவின் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருப்பவர் அந்த அக்காவின் கணவர், எனக்கு அத்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவரை எனக்குப் பிடிக்காது. இதையும் எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

ஞாயிற்றுக்கிழமைகளில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள கட்டிடத்தின் முதல் மாடியில், விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில், 'கோட்டை' என்ற அட்டை விளையாட்டுக்கு நடுவராக இருந்து வருகிறேன். எழுத்தர் முதலில் 'சீட்டாட்டம்' என்று எழுதினார். நான் ஆட்சேபித்ததன்பேரில் அது அடித்துத் திருத்தப்பட்டது. பணம் வைத்து ஆடினீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. பூதமும் யாளியும் மந்திரவாதியும் அச்சடித்த அட்டைகளை வைத்துக்கொண்டு, பிள்ளை குட்டி பெற்றவர்கள் ஒருவர் கோட்டையை ஒருவர் இடிக்கும் விளையாட்டு அது. பரிசு ஒரு பித்தளைக் கோப்பை. அதற்கே தாடை உடைகிறது என்றால், பணம் வைத்து ஆடியிருந்தால் கொலையே விழுந்திருக்கும்.

சம்பவம் விளங்க வேண்டுமானால் சண்டையின் ஒழுங்கு தெரிய வேண்டும் என்றேன். சுருக்கமாகச் சொல்லும்படி ஆய்வாளர் கூறினார். சுருக்கம் இதுதான். தாக்குகிறவர் எந்த மிருகத்தை ஏவுகிறார் என்று முதலில் அறிவிக்க வேண்டும். அதன் பிறகு எதிராளி எதை வைத்துத் தடுக்கிறார் என்று அறிவிக்க வேண்டும். அதன் பிறகே அடி விழும். ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னாலும் இருவரும் மந்திரம் போட இடைவேளை உண்டு. இடைவேளையைப் பயன்படுத்த விரும்புகிறவர் வலது உள்ளங்கையை விரித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி, 'பதில் இருக்கு' என்பார். கை கீழே இறங்கும்வரை எதிராளி எதையும் தொடக்கூடாது. இந்தக் கை தூக்கும் வழக்கத்தைக் கடையில் ஏற்படுத்தியவன் நான். அதற்கு முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், மீன் சந்தை தேவலாம் என்றிருக்கும்.

அடிபட்டவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கடையில் அவருக்குப் 'பதிலார்' என்று பெயர். எதற்கும் கை தூக்குவார். டீ வேண்டுமா என்று கேட்டாலும் உள்ளங்கையை விரித்து யோசித்துவிட்டுத்தான் வேண்டும் என்பார். ஜெயித்தால் ஜெயித்தோம் என்று எழுந்து போகமாட்டார். தோற்றவரிடம், அவர் எப்படி ஆடியிருந்தால் தோற்றிருக்க மாட்டார் என்று விளக்குவார். இவரையும் எனக்குப் பிடிக்காது. அந்த அறையில் யாரையும் பிடிக்காது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

சம்பவ நாளன்று பிற்பகல் இறுதி ஆட்டத்தில் அத்தானும் பதிலாரும் மோதினார்கள். அத்தான் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் வழக்கம் இல்லாதவர். படத்தில் பல் பெரிதாக இருந்தால் பலமான மிருகம் என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்டவர் இறுதி ஆட்டம் வரை வந்ததற்கு, மற்றவர்கள் அவரைவிட மட்டமாக ஆடினார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. பதிலாரின் கோட்டை விழும் நிலையில் இருந்தது. அத்தான் இரும்பு யாளியை ஏவினார். பதிலார் சேற்றுப் பூதத்தை வைத்துத் தடுப்பதாக அறிவித்தார். அதன் பிறகு அத்தான் இடி மந்திரத்தைப் போட்டுப் பூதத்தை எரித்தார். எரித்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "வழி காலி. கோட்டை விழுந்தாச்சு. கோப்பையை எடுங்க" என்று கடைக்காரரிடம் கையை நீட்டினார்.

பதிலார் என்னைப் பார்த்தார். நான் தீர்ப்புச் சொன்னேன். தடுப்பு அறிவித்த பிறகு அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டதுதான். தடுத்தவன் அதன் பிறகு செத்தாலும் அடி கோட்டைக்குப் போகாது. யாளியை ஏவியதும், தடுப்பு அறிவிக்கும் முன்பே, இடியைப் போட்டுப் பூதத்தை எரித்திருந்தால் அத்தான் ஜெயித்திருப்பார். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்வார்கள்.

"செத்துப்போன பூதம் எப்படிடா தடுக்கும்?" என்று அத்தான் கேட்டார். நான் விதியை மறுபடியும் சொன்னேன். "நீ எனக்கு மச்சினனா, இல்ல இவனுக்கா?" என்றார். "இங்க நான் யாருக்கும் மச்சினன் இல்ல, அத்தான்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் எனக்கும் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, மறைக்கவில்லை. அதன் பிறகு ஆட்டம் தொடர்ந்து பதிலார் ஜெயித்தார். அத்தான் அட்டைகளை அடுக்காமல் அப்படியே பையில் திணித்துக்கொண்டு வெளியேறினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர் விதி கோணல் என்று சொல்லிக்கொண்டே போனார்.

நான் அவர் பின்னாலேயே போனேன், ஏனென்றால் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் வந்திருந்தோம். பதிலாரும் கோப்பையைக் கடையிலேயே வைத்துவிட்டு எங்களோடு வந்தார். எதற்கு வந்தார் என்றால் விளக்குவதற்கு. படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் அத்தான் செருப்பு வார் கழன்று நின்றார். அங்கே தையல்காரர் ஒருவரின் கடை இருக்கிறது. அவர் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தார். பதிலார் அத்தானுக்கு முன்னால் போய், "இடியை நீங்க ரெண்டு நொடி முன்னாடி போட்டிருந்தா நான் காலி. உங்க கைல தாங்க இருந்துச்சு" என்றார். அத்தான் குனிந்து செருப்பு வாரை மாட்டினார். பதிலார் அதையே வேறு வார்த்தைகளில் இன்னொரு தடவை சொன்னார். நல்லது சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று தெரிந்து ஊற்றுகிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

அதன் பிறகு நடந்ததை வரிசை மாறாமல் சொல்கிறேன். அத்தான், "இப்ப போடட்டுமா?" என்று கேட்டு, வலது கையை மூடிப் பின்னால் இழுத்தார். அதன் பிறகு பதிலார் வலது உள்ளங்கையை விரித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி, "பொறுங்க, பதில் இருக்கு" என்றார். தையல்காரர் நிமிர்ந்து பார்த்தது இந்தப் பேச்சுச் சத்தம் கேட்டுத்தான். அதன் பிறகு அத்தான் அடித்தார்.

அடி விழும்வரை பதிலார் விலகவில்லை, குனியவில்லை, முகத்தை மறைக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டோம், இனி எதிராளி நின்றுதான் ஆக வேண்டும் என்று நம்பி அப்படியே நின்றார். படிக்கட்டில் நிற்கிறோம், மேசை முன்னால் இல்லை என்ற புத்தி அந்த மனிதருக்கு வரவில்லை. அடி வாங்கிச் சரிந்து, கைப்பிடிக் கம்பியில் தாடை மோதிக் கீழ்ப்படி வரை உருண்டார்.

நான் அத்தானுக்கு ஒரு படி மேலே, கையை எட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். ஏன் தடுக்கவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். உள்ளங்கை தூக்கப்பட்டதைப் பார்த்ததும் நானும் நின்றுவிட்டேன். பதில் என்ன என்று கேட்பதற்காகக் காத்திருந்தேன். இதைவிடக் கேவலமான காரணம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் காரணம் அதுதான்.

பதிலாரின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. எழுதிக் காட்டினாலும், அடிபட்டவன் அப்படித்தான் சொல்வான் என்பார்கள். பதிலார்தான் முதலில் கை ஓங்கினார், தன்னைக் காத்துக்கொள்ளவே அடித்தேன் என்று அத்தான் கூறியிருப்பதாக அறிகிறேன். தையல்காரரும் கை ஓங்கியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் நேர்மையானவர். அவர் பார்த்தது கை. அவருக்குக் கோட்டையும் தெரியாது, கொத்தளமும் தெரியாது. அது ஓங்கிய கை அல்ல. இடைவேளை கேட்ட கை.

நேற்றுக் காலை அக்கா என் அறைக்கு வந்தாள். வழக்கு உறுதியானால் பள்ளிக்கூடத்தில் அத்தானை வேனில் ஏற்ற மாட்டார்கள், வேறு வேலை அவருக்குத் தெரியாது, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாள். "நீ பொய் சொல்ல வேணாம்டா. அவன் கையைத் தூக்குனான்ல? தூக்குனான்னு மட்டும் சொல்லு. எதுக்குத் தூக்குனான்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். எங்கள் குடும்பத்தில் விதியைப் புரிந்துகொண்டு ஆடக்கூடியவள் அவள் ஒருத்திதான். அத்தானோடு அவள் படுவதற்கு வேறு யாராயிருந்தாலும் எப்போதோ கிளம்பியிருப்பார்கள். அவளை எனக்குப் பிடிக்கும். அவள் சொன்னபடியே, எதற்குத் தூக்கினார் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

மேலே எழுதியவற்றை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. முடிவில் 'எவருடைய தூண்டுதலும் இல்லாமல் கொடுத்தேன்' என்று வழக்கப்படி சேர்த்திருந்தார். அது தவறு என்று சொல்லி அடிக்கச் சொன்னேன். தூண்டுதல் இருந்தது. அதற்கு மாறாகவே கொடுத்திருக்கிறேன். தூண்டியவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கதவைத் திறந்து வந்ததும், சொல்லிட்டியா என்று கேட்பாள்.

(ஒப்பம்)