வால்வில் தொங்கிய கல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். வெளியே சாரல். என் முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள், ஒரே மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அதில் ஒல்லியானவர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“வெடிக்கதுக்கு முந்தி பாய்லர் சத்தமே போடல அண்ணாச்சி.”

“அதையே இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கீரேவே!” என்றார் பருத்தவர்.

“பாய்லர்ல மிஞ்சுன ஆவி வால்வு வழியா எப்பவும் விசிலடிச்சுக்கிட்டே கெடக்கும். ஆவி வீணாப் போவுதுன்னு வால்வுல கல்லைக் கட்டித் தொங்க விட்டாங்க. விசில் நின்னுட்டு. நல்லா ஓடுதுன்னு எல்லாருக்கும் சந்தோசம். மறுநா என்கூட நின்ன மூணு பேரு இல்ல. அன்னையில இருந்து அந்த விசில் என் காதுக்குள்ள நிக்காம கேக்குது.”

“அதுக்கும், நான் பிராவிடண்ட் பண்ட் பணத்த வட்டிக் கம்பெனியில போட்டதுக்கும் என்னவே சம்பந்தம்? ஒண்ணாந்தேதி டாண்ணு வட்டி வருது. ஒரு சத்தம் கெடையாது.”

“அசலத் திருப்பிக் கேட்டா?”

“அஞ்சு வருசத்துக்கு யாரும் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் கூடுதல் வட்டி.”

“முழுசுமா போட்டிய?”

“முழுசும்தான்.”

பஸ் நின்றது. அருவி இரைந்துகொண்டிருந்தது. பருத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒல்லியானவர் எழவில்லை. வலது காதைப் பொத்தினார், கையை எடுத்தார், மறுபடியும் பொத்திப் பார்த்தார்.

“அண்ணாச்சி,” என்றார், “விசில் நின்னுட்டு.”