என் பெயர் பொறித்த கல்லைத் திறக்க வேண்டாம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய விழாத் தலைவர் அவர்களே, இந்தப் பாலத்தை வரைந்த பொறியாளர்களே, வார்த்தெடுத்த தொழிலாளத் தோழர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்மார்களே, உங்கள் முன்னால் நிமிர்ந்து நிற்கத் தகுதியில்லாத ஒருவனின் வணக்கம்.

அடக்கமாகப் பேசுகிறேன் என்று சிரிக்காதீர்கள். இது அடக்கமல்ல, அவமானம்.

கீழே வண்டிகள் விரைகின்றன. மேலே மரங்கள் விரிகின்றன. புகை புகுந்த இடத்தில் புல் பூத்திருக்கிறது. நெரிசல் நின்ற இடத்தில் நிழல் நிற்கிறது. நெடுஞ்சாலைப் பாலத்தின் தலையில் ஒரு பூங்காவைத் தூக்கி வைக்கலாம் என்று நம் பாட்டன் நினைத்தானா? நாம்தான் நினைத்தோமா? இத்தனை அழகுக்கு நடுவே, அதோ துணி மூடி நிற்கும் கல் ஒன்றுதான் அசிங்கம். ‘ஆபத்தை முன்னறிந்து உயிர் காத்தவர்’ என்று அதில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். தலைவர் சற்றுமுன் என்னைப் ‘பாம்புக்காதுக்காரர்’ என்றார். ஊரே அப்படித்தான் அழைத்தது. நீங்களும் கைதட்டினீர்கள். கைகள் அசைவதைப் பார்த்தேன்.

எது முன்னறிவு? யார் காத்தது? கேளுங்கள்.

இதே இடத்தில் முன்பு நின்ற, நாற்பத்தாறு வயதான பழைய பாலத்தை ஆண்டுக்கு இருமுறை தட்டிப் பார்ப்பது என் வேலை. ஏணி வண்டியின் கூடையில் நின்று, பாலத்தின் அடிவயிற்றைச் சிறு சுத்தியலால் முழம் முழமாகத் தட்டுவேன். உறுதியான கான்கிரீட் ‘டங்’ என்னும். உள்ளே பிடிப்பு விட்டுப்போனது ‘பொத்’ என்னும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் போட்டேன். அதற்குப் பிறகு, கடைசி மூன்று ஆண்டுகள் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. பாலம் இளமையாகிவிட்டதா? இல்லை ஐயா. எனக்குக் காது போய்விட்டது.

வீட்டில் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். “ஏங்க, மூணு தடவை கூப்பிட்டுட்டேன். டாக்டர்கிட்ட போவோமா?” என்று காதருகே வந்து கேட்டாள்.

“நீ வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்?” என்று பழியை அவள் தலையில் போட்டேன்.

அலுவலகத்துக்குத் தெரிந்தால் மேசை வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். பாம்புக்காதுக்காரருக்குக் காது மந்தம் என்று நாலு பேர் சிரிப்பார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்து, நாள்தோறும் நாற்பதாயிரம் பேர் கடக்கும் பாலத்துக்கு ‘நன்று, நன்று, நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் தூணருகே ஓர் அம்மா பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரி டயரைக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டியே காற்றுக் குறைவைச் சொல்லிவிடுவார். ஒருநாள் கூடைக்குக் கீழே நின்று கையைக் காட்டினார். இறங்கினேன். லாரி இரைச்சலுக்கு மேலே உரக்கப் பேசினார்.

“சார், அந்த மூலைய இன்னொரு தடவை தட்டுங்க. பொத்துனு கேக்குது.”

“பாலம் என்ன உங்க பஞ்சர் டயராம்மா? போய் உங்க வேலையப் பாருங்க.”

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “எனக்குக் கேக்குதே சார், உங்களுக்குக் கேக்கலையா?” என்றார். தாய்மார்களே, அந்த ஒரு கேள்வி என்னை எங்கே சுட்டது தெரியுமா?

அவர் விடவில்லை, மனு எழுதினார். அது சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்தது. நான் என்ன குறிப்பு எழுதினேன்? ‘பாலம் நலம். மனுதாரர் ஆக்கிரமிப்பாளர். உள்நோக்கத்தோடு வதந்தி பரப்புகிறார். தூணடியை உடனே காலி செய்க.’ ஒரே வாரத்தில் கடையைப் பெயர்த்து எறிந்தார்கள். காற்றடிக்கும் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் நடுரோட்டில் நின்றதை ஜீப்பிலிருந்து பார்த்தேன். இறங்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு மதியம். அவர் காட்டிய அதே மூலையிலிருந்து, கட்டில் அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம், அவர் கடை இருந்த இடம். காலியாகக் கிடந்தது. பாலத்தை மூடினார்கள். காலி செய்யச் சொன்ன கடைசி வரி மட்டும், நான் ஆபத்தை முன்னறிந்து போட்ட உத்தரவாகச் செய்தித்தாளில் வந்தது. மேலே இருந்த மூன்று வரிகளை எவரும் படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. பாராட்ட வந்தவர்களிடம் “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லி இன்னும் பெரிய மனிதனானேன்.

உண்மை தெரிந்த மருமகன் ஆறுதல் சொன்னார். “விடுங்க மாமா. நீங்க விரட்டலைன்னா அந்தம்மா இன்னைக்கு உயிரோட இல்ல. ஒருவிதத்துல காப்பாத்தினதே நீங்கதான்.” ஆறு ஆண்டுகள் அந்த ‘ஒருவிதத்துக்குள்’ ஒளிந்துகொண்டேன்.

தலைவரே, சீட்டை நீட்டாதீர்கள். இரண்டே நிமிடம்.

இந்தப் பாலத்தின் காலடியில், பழைய பாலத்தடியில் பிழைத்தவர்களுக்காகப் பன்னிரண்டு கடைகள் கட்டியிருக்கிறோம். பதினொன்று திறந்திருக்கின்றன. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அந்த அம்மாவின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். போன வாரம், கல்லில் என் பெயரின் எழுத்தைச் சரிபார்க்க அலுவலகம் போனபோதுதான் காரணம் தெரிந்தது. ஆக்கிரமிப்பாளர், வதந்தி: என் கையெழுத்து. என்னைப் புகழும்போது யாரும் படிக்காத வரிகளை, அவருக்குக் கடை மறுக்கும்போது கண்ணாடி போட்டுப் படித்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் கூசுகிறது ஐயா.

என் அறிக்கைகள் பொய், அந்தக் குறிப்பும் பொய் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, தலைவரிடம் தருகிறேன். எனக்கு என்ன வருமோ வரட்டும்.

இந்தப் பாலத்தையும் நாளை யாரோ தட்டிப் பார்க்கத்தான் போகிறார்கள். மேலே புல்லும் பூவும், கீழே கான்கிரீட்தான். அந்தக் கைகளுக்குச் சொல்கிறேன். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். கீழே நிற்பவர் கூப்பிட்டால் இறங்கி வாருங்கள். பட்டம் போகட்டும், பதவி போகட்டும், பத்துப் பேர் பார்த்துச் சிரிக்கட்டும். பாலம் போகக் கூடாது. பாலத்தடியில் நிற்பவரின் பிழைப்புப் போகக் கூடாது.

கடைசி வரிசைக்குப் பின்னால், வேலியோரம் அந்தப் பஞ்சர் கடை அம்மா நிற்கிறார். நான்தான் வரச் சொன்னேன். அம்மா, நீங்கள் சொன்னது சரி. நான் எழுதியது பொய். என்னை மன்னியுங்கள்.

ஏதோ சொல்கிறார். உதடு அசைகிறது, உங்கள் தலைகளெல்லாம் திரும்புகின்றன. அம்மா, எனக்குக் கேட்கவில்லை. ஆமாம், எனக்குக் காது கேட்காது. தலைவரே, என் காதருகே வந்து சொல்லுங்கள், என்ன சொல்கிறார்?

“மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல கடைச் சாவியக் குடுக்கச் சொல்லுங்க” என்கிறாராம்.

சரிதான் அம்மா. நாளைக் காலை அலுவலகம் திறக்கும்போது வாசலில் நான் நிற்பேன். சாவி உங்கள் கைக்கு வரும்வரை நகர மாட்டேன். கல்லின் துணி அப்படியே இருக்கட்டும். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வணக்கம்.