மூணாவது போன்

— மூணா? சரியா எண்ணுங்க வயர் அண்ணே. இந்த வீட்டுல என் போன் ஒண்ணு, பாப்பா ஆன்லைன்ல பாடம் கேக்குற டேப் ஒண்ணு. அவ்வளவுதான்.

— நான் என்ன பொய்யா சொல்றேன் தங்கச்சி? லேப்டாப்புல நீயே பாரு. உன் வைஃபை டப்பாவுல மூணு பேரு தொத்திக்கிட்டு இருக்காங்க. அதான் நெட்டு விட்டு விட்டு வருது.

— பக்கத்து வீட்டுக்காரங்க யாராச்சும் இருக்கும்.

— அவங்களுக்குத்தான் அவங்க டப்பா இருக்கே. அதாவது என்னன்னா, நாலு மாடிக்கும் சேத்து சங்கத்துல ஒரே லைன் வாங்கி, வீட்டுக்கு ஒரு டப்பா சும்மாவே மாட்டியிருக்கோம். அவங்கவங்க பேரு, அவங்கவங்க பாஸ்வேர்டு. இரு, கண்ணாடியப் போட்டுக்கிறேன். அந்த மெஷினக் கொஞ்சம் நிறுத்தும்மா, காது அடைக்குது.

— நாளைக்குள்ள நாப்பது யூனிஃபார்ம் தைக்கணும்ண்ணே. சரி, நிறுத்திட்டேன். பாப்பாவும் இதத்தான் சொல்லுவா. சத்தத்துல பாடம் கேக்கலன்னு உள் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துருக்கா.

— நல்ல ஆளும்மா நீ. வாசக்கதவத் தொறந்து போட்டுட்டு, நான் உள்ள வந்ததுகூடத் தெரியாம தைச்சுக்கிட்டு இருக்க.

— தொறந்தா கெடந்துச்சு? சாத்தித்தானே வெச்சேன். கீழேருந்து வர்றப்ப யாரையாச்சும் பாத்தீங்களா?

— நான் எங்க கீழேருந்து வந்தேன்? மொட்டை மாடியில ஆன்டெனாவ சரி பண்ணிட்டு அப்படியே இறங்கி வர்றேன். ஆங், பேரு வந்துடுச்சு. இது உன் போன். இது பாப்பா டேப். மூணாவது, 'பயில்வான்'. யாரும்மா அந்தப் பயில்வான், உங்க சொந்தத்துல? என்ன தங்கச்சி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?

— மெதுவாப் பேசுங்கண்ணே.

— யாரு அது?

— பாப்பாவோட அப்பா. அவரோட அம்மா அவரக் கூப்பிடுற பேரு அது. போனுக்கும் அதையே வெச்சிருந்தாரு.

— வெளியூர்ல வேலை பாக்குறாருன்னு சொன்னியே.

— எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். கட்டுன துணியோட ஓடி வந்து ஏழு மாசம் ஆச்சு. அடிச்சதக்கூடப் பொறுத்துக்கிட்டேன்ண்ணே. 'புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவேன், ஜென்மத்துக்கும் உன் கண்ணுல காட்ட மாட்டேன்'னு சொன்னாரு பாருங்க, அன்னிக்குக் கெளம்புனவதான்.

— அந்த ஆளு போனு எப்படிம்மா இதுல ஏறும்? பாஸ்வேர்டு யார்கிட்டயாச்சும் சொன்னியா?

— ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஆனா டப்பா மாட்டுனப்ப, என்ன பேரு போடட்டும்னு கேட்டீங்கல்ல?

— ஆமா, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்த.

— அது பழைய வீட்டு நெட்டோட பேருண்ணே. பாஸ்வேர்டும் அதேதான். டேப்புல புதுசா எதையும் அமுக்க வேணாம், தானாப் பிடிச்சுக்கும்னு நெனச்சேன். நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனே.

— அடப் பாவமே. அப்ப அதாவது என்னன்னா, உங்களத் தேடி இந்தப் பக்கம் ஒவ்வொரு மாடியா ஏறி இறங்கியிருக்கான். திடீர்னு போன்ல பழைய வீட்டுப் பேரு வந்து நின்னுருக்கும். நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு புரிஞ்சிருப்பான்.

— எவ்வளவு பக்கத்துல வந்தா பிடிக்கும்?

— சின்ன டப்பா இது. உன் வீடு, வெளிய வராண்டா, மிஞ்சிப் போனா படிக்கட்டுல பாதி. கீழ கேட்டுக்கெல்லாம் எட்டாது.

— அப்ப படிக்கட்டுல நிக்கிறாரு. இருங்க, கதவு. மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், ரெண்டையும் போட்டுட்டேன். எனக்குப் பயமா இருக்கு. எங்கள விட்டுட்டுப் போயிடாதீங்க.

— நான் எங்கயும் போகல. ஆனா இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல தங்கச்சி. நாலு நாளா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏறுது, அரை மணி நேரத்துல இறங்குது.

— அஞ்சு மணிக்குத்தான் பாப்பாவுக்குப் பாடம் ஆரம்பிக்கும். நான் மெஷின்ல உக்காந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குண்ணே.

— பதறாத. பாப்பா டேப் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, பாரு. சிக்னல்தான் ரெண்டு கோடு கம்மி.

— உள் ரூம் சுவரு குறுக்க இருக்குல்ல. அவர் போனு?

— அதுக்கும் அதே ரெண்டு கோடு கம்மிதான். பாப்பாவ இங்க கூப்பிட்டு உன் பக்கத்துல உக்கார வெச்சுக்கயேன்.

— வேணாம்ண்ணே, இப்ப அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். அப்பான்னா அவளுக்கு உசுரு. வெளிய நிக்கிறாருன்னு தெரிஞ்சா, கதவத் தொறன்னு அழுது ஊரக் கூட்டிடுவா. பாடத்துலயே இருக்கட்டும்.

— அதுவும் சரிதான். நான் வாட்ச்மேனக் கூப்பிடுறேன், அப்படியே போலீசுக்கும் சொல்லிடலாம். அட, இரு இரு. போயிட்டான்.

— என்னது?

— மூணாவது போன் லிஸ்ட்ல இல்ல. கீழ இறங்கிட்டான்.

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— பாத்துட்டுத்தான் சொல்றேன். உக்காரு மொதல்ல, ஒரு வாய் தண்ணி குடி.

— அப்பாடா. போன உசுரு திரும்பி வந்துச்சு. தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டுருக்கும். நல்ல வேளை, போட்டேன். பேரையும் பாஸ்வேர்டையும் இப்பவே மாத்திக் குடுங்கண்ணே. பாப்பாகிட்ட நான் எதாவது சொல்லிக்கிறேன். என்னண்ணே, திரும்பவும் லேப்டாப்பையே பாக்குறீங்க?

— தங்கச்சி, லிஸ்ட்ல இப்ப உன் போன் மட்டும்தான் இருக்கு. பாப்பா டேப்பும் அவன் போனோட சேந்தே படிக்கட்டுல இறங்கியிருக்கு.