மாட்டைச் சுரண்டிப் போட்டினம்

ஆர் கேட்டது அவையிட்டை? ஆர் கேட்டது எண்டுறன்! தூசு தட்டித் துடைச்சுச் சுவரிலை மாட்டுங்கோ எண்டுதானே குடுத்தனான். மாட்டைச் சுரண்டச் சொன்னனானே? இரும் தம்பி சிவபாலன், அந்தப் படியிலேயே இரும். நீர் மேல்மாடிக்குக் குடிவந்து ரெண்டு கிழமைதானே, என்னைத் தெரியாது. கொட்டாஞ்சேனையிலை பழைய தளபாடக் கடைப் பொன்னம்பலம் ஆர் எண்டு விசாரிச்சுப் பாரும். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போட சரி, மிச்சமெல்லாம் அடிவாங்கிப் படிச்சது. என்னோட பேரம் பேசி வெண்டவன் இல்லை. அப்பிடிப்பட்ட என்னை இண்டைக்கு ஒரு படம் விழுத்திப்போட்டுது!

என்ன படமோ? கிட்ட வாரும், பலத்துக் கதைக்கேலாது. ஒரு பழைய பங்களாச் சாமானை எடுக்கேக்கை அலுமாரிக்குப் பின்னாலை கிடந்தது. சும்மா தந்தவங்கள். ஒரு சீமாட்டி கல்லிலை இருக்கிறா, காலடியிலை... புலி. நல்ல வடிவான புலிதான். வடிவை வைச்சு என்ன செய்ய? வெள்ளவத்தையிலை, தமிழன் வீட்டு ஹோலிலை, இந்தக் காலத்திலை! அதுக்கு முந்தின வருஷம்தான் எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தனைக் கலண்டரிலை கிடந்த புலிப் படத்துக்காகப் பொலிஸ்காரர் மூண்டு நாள் கொண்டுபோய் வைச்சிருந்தவங்கள்.

எறியவும் மனமில்லை. கடைகளுக்குப் பேர்ப்பலகை எழுதுற சிறிலைக் கூப்பிட்டன். "சிறில், உதை மாடாக்கு" எண்டன். பாவி, இனாமல் பெயின்ற்றிலை வெள்ளை மாடாக்கித் தந்தான். மடியெல்லாம் வைச்சு! முகம்தான் சரிவரேல்லை, பால் குடிச்ச பூனை மாதிரி ஒரு மாடு. என்ர மனிசி பாலேஸ்வரி வெள்ளிக்கிழமையிலை அதுக்குப் பூவும் வைச்சவ! தேடுதலுக்கு வந்த ஆமிக்காரன் ஒருத்தன் தொட்டுப் பாத்து, "ஹொந்த ஹரகா" எண்டான். நல்ல மாடாம்!

ஆனா உந்தக் கடற்காத்து இருக்கே... ஒரு வருஷத்திலை பெயின்ற் வெடிச்சு, மாட்டின்ர விலாவிலை கறுப்பு வரி தெரியத் தொடங்கிற்றுது. அந்த நேரம் பாத்துத்தான் கறுவாத்தோட்டத்திலை படம் வைச்சுக் காட்டுற ஆட் கலரியிலையிருந்து றோஸி மிஸ் வந்தவ. பழைய படம் சேர்க்கினமாம், சல்லி குடுக்க வழியில்லையாம். வீட்டை விட்டுத் துலைஞ்சால் காணும் எண்டு எனக்குள்ளை நினைப்பு. அதுக்காகச் சும்மா விடுவனே? "சல்லி வேண்டாம் மிஸ், கீழை என்ர பேர் போடவேணும். கடுதாசியிலை இல்லை, பித்தளைத் தகட்டிலை. சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூண்டிலும்." அவ சின்னனா எண்டா, நான் பெரிசா எண்டன். ரெண்டு மணித்தியாலம் நிண்டு வெண்டனான்!

இண்டைக்குத் திறப்பு விழா. மனிசி கூறைச்சேலை, நான் கோட். ரெண்டு ஆமிச் சென்றியிலை இறங்கி ஐடென்ரிகாட் காட்டிப் போய்ச் சேர்ந்தம். புதுப்பிச்ச படங்களாம்! ஒரு பிரபுவுக்குப் பாதி மூக்கைக் காணேல்லை. ஏன் கீறேல்லை எண்டு கேட்டால், இல்லாததை நாங்களாக் கீறமாட்டம், அதுதான் நேர்மை எண்டினம். நான் மூண்டு காலோட கதிரையை வித்துப்போட்டு நேர்மை எண்டு சொன்னால் விடுவியளே?

நடு மண்டபத்துக்கு வாறன்... லைற் போட்டு, புலி! மீசையோட, பல்லுத் தெரிய! பக்கத்திலை சிறிலின்ர மாட்டைச் சின்னப் போட்டோவாப் போட்டிருக்கினம். வெள்ளைக்காரர் கூடி நிண்டு சிரிக்கினம். அதிலை எழுதியிருக்கு, 'அறிவற்ற கையொன்று பூசிய பூச்சு, ஆறு மாத உழைப்பில் அகற்றப்பட்டது.' அறிவற்ற கையாம்! அந்த மாடு எங்களை எத்தினை தரம் காப்பாத்தினதெண்டு இவைக்குத் தெரியுமே? அதுக்குக் கீழை பித்தளையிலை, வாசலிலை நிண்டே வாசிக்கலாம், என்ர பேர்.

முன்னாலை ஆர் நிக்கிறது? ஒரு பெரிய பொலிஸ் ஐயா, பெண்சாதி பிள்ளையளோட. புலியைப் பாக்கிறார். தகட்டைப் பாக்கிறார். திரும்பவும் புலியைப் பாக்கிறார். றோஸி மிஸ் என்னைக் கண்டதும் கையைக் காட்டி, "மே மஹத்தயா தமய் துன்னே" எண்டுறா. இவர்தான் தந்தவராம்! நான் என்ன செய்ய? சிரிச்சன். பாலேஸ்வரி என்ர கோட்டைப் பின்னாலை பிடிச்சவதான், வீடு வந்து சேருமட்டும் விடேல்லை.

மிஸ்ஸை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கெஞ்சினன். மாட்டைத் திரும்பக் கீறுங்கோ, சிறிலை நானே அனுப்புறன் எண்டன். ஏலாதாம். அப்ப தகட்டைக் கழட்டுங்கோ. அதுவும் ஏலாதாம். "ஒருத்தரும் கழட்டேலாத மாதிரி அடிக்கவேணும் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டது நீங்கள்தானே மிஸ்டர் பொன்னம்பலம்?" எண்டுறா.

என்ன? பொன்னம்பலம் எண்டு கொழும்பிலை ஆயிரம் பேரோ? அதைத்தான் நானும் அப்ப யோசிச்சனான் தம்பி! வேற ஒரு பொன்னம்பலம் தான்தான் தந்தது எண்டு பேரெடுத்துக்கொண்டு போனால்? அதாலை... வீட்டு நம்பரையும் ஒழுங்கையின்ர பேரையும் சேர்த்து வெட்டுவிச்சனான். எழுத்துக்கு எழுத்துப் பேரம் பேசி! அந்தப் பொலிஸ் ஐயா ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எதையோ எழுதினவர்...

உம்மடை நம்பரோ? உமக்கென்ன தனி நம்பர்? மூண்டு மாடிக்கும் ஒரே நம்பர்தானே... ஏன் எழும்புறீர்? இரும், தேத்தண்ணி வருது... எட, மேலை என்ன சத்தம்? என்னத்தை இழுக்கிறீர்?... உடுப்புப் பாக்கோட இறங்குறீர்! களனியிலை மாமி வீட்டையோ? இப்பவேயோ?... தம்பி! சிவபாலன், நில்லும்! அந்த இரும்புக் கட்டிலை விட்டிட்டுத்தானே போறீர்? ஒரு விலையைச் சொல்லிப்போட்டுப் போமன்!